ஆம்ப்ளிபயரில் கை வைத்தவர்

சார், தப்பா நெனைக்காதிய. ஒங்க போன்ல அந்த ஆளு அஞ்சு நிமிசமா வாயத் தொறந்து தொறந்து மூடுதான், சத்தம் ஒண்ணும் வரக் காணும். காதுல மாட்டியிருக்கதுல கோளாறு இல்ல, அதக் கழட்டி ஊதாதிய. கீழ பொடி எழுத்துல ஒரு வரி வந்துச்சே, படிச்சியளா? இந்த ஒலி வடிவத்துக்கு ஆதரவு இல்லன்னு? அதான். எனக்கு அந்த வரி மனப்பாடம். ஆறு மாசம் அந்த வரியோட குடும்பம் நடத்திருக்கேன்.

நீங்க சங்கரன்கோவில் வரைக்குமா? அப்ப பஸ்ஸு போய்ச் சேர நேரம் கெடக்கு. சொல்லுதேன்.

நான் கொம்பையா. கொம்பையா சவுண்ட் சர்வீஸ்னு கேள்விப்பட்டிருப்பிய. படலியா? வெளியூரா இருப்பிய. ஆடித்தபசுக்கு வந்து பாருங்க, ரதவீதி முழுக்க நம்ம கொழா ஸ்பீக்கருதான் பேசும். முப்பத்தஞ்சு வருசம், பாத்துக்கிடுங்க. ஒரு தடவ கூட மைக்கு ஊளை விட்டதில்ல. ஒரு தடவ விட்டுச்சு, அது கரண்டுக்காரன் தப்பு.

எங்க தொழில்ல ஒரு மரியாத உண்டு சார். ஒருத்தன் ஆம்ப்ளிபயர்ல அடுத்தவன் கை வைக்கக் கூடாது. மந்திரி வந்தாலும் சரி, சாமியாடி வந்தாலும் சரி, "அண்ணாச்சி, கொஞ்சம் கொறைங்க"ன்னு வாயாலதான் சொல்லணும். கைய நீட்டுனா, அடுத்தவன் எலையில கெடக்க அப்பளத்த எடுத்துத் திங்க மாதிரி. வேட்டியக் கட்டுன எவனும் செய்ய மாட்டான். எங்க சம்மந்தாரு செஞ்சாரு. அதுவும் எம் மவ கல்யாணத்துல.

சம்மந்தாரு பேரு திருமலைக்குமார். கடையநல்லூர். லைப்ரரில இருந்து ரிட்டயர் ஆனவரு. சத்தம் போடாதீர்னு போர்டு மாட்டி அதுக்குக் கீழயே முப்பது வருசம் உக்காந்திருந்தா ஒரு மனுசன் எப்பிடி இருப்பாரு? அப்பிடித்தான் இருப்பாரு. "வாங்க"ன்னு சொல்லுததே ரகசியம் சொல்லுத மாதிரி இருக்கும். ஆனா மாப்பிள்ள தங்கமான பையன். எம் மவ முத்துச்செல்வி புடிச்சிருக்குன்னு சொல்லிட்டா. நானும் சரின்னுட்டேன்.

கல்யாணத்துக்கு மொத நா சாயங்காலம் வரவேற்பு. மைக்செட்டு யாரு? நாந்தான். சொந்த மவ கல்யாணத்துக்கு வெளிய சொல்லுவனா? கையில புடிக்க வயரில்லாத மைக்க எடுத்து வந்தவங்கள வரவேத்துப் பேசுனேன். பத்து நிமிசம். சரி, இருவது நிமிசம் இருக்கும். பேசி முடிச்சு மைக்க அணைச்சு சட்டப் பாக்கெட்ல பத்திரமா வச்சிட்டு, சாப்பாடு என்ன நெலமையில இருக்குன்னு பாக்க அடுக்களைப் பக்கம் போனேன். சண்முகத்தாய், அதான் எங்க வீட்டுக்காரி, அங்கன சாமான் வைக்க ரூமுக்குள்ள இருந்தா. நாலு வார்த்த பேசிட்டுத் திரும்பி வாறேன், மண்டபத்துல சத்தமே இல்ல. பாட்டு இல்ல, ஒண்ணுமில்ல. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்காங்க.

ஆம்ப்ளிபயர் பக்கத்துல நிக்காரு நம்ம சம்மந்தாரு. மாஸ்டர்னு ஒண்ணு உண்டு சார், மொத்த சத்தத்தையும் ஏத்தி எறக்குத குமிழு. அது மேல அவரு கையி. குமிழு சைபர்ல கெடக்கு.

"என்ன சம்மந்தாரே இது?"ன்னேன்.

தலையக் குனிஞ்சுக்கிட்டு சொல்லுதாரு, "கொஞ்சம் சத்தமா இருந்துச்சு அண்ணாச்சி."

சத்தமா இருந்துச்சாம்! என்கிட்ட! எனக்கு அப்பிடியே காதுல இருந்து பொகை வந்துச்சு. முந்நூறு பேரு பாக்காங்க. கல்யாண வீடு, பொண்ணப் பெத்தவன், பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மறுநா தாலி ஏறுனதும் சொல்லிட்டேன்: "செஞ்சது தப்புன்னு அவரு வாயால சொல்லுத வரைக்கும் அவரு வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்." மிதிக்கவும் இல்ல. ஒண்ணர வருசம். மவ வந்து போவா, மாப்பிள்ள வந்து போவாரு. நான் போவல.

இதுல பாருங்க, மண்டபத்துல இருந்த எவன்கிட்ட கேட்டாலும் ஒழுங்கா ஒரு பதில் வராது. "அன்னைக்கு சத்தம் அதிகமாவா இருந்துச்சு?"ம்பேன். சிரிப்பான். வேற பேச்சு பேசுவான். எங்க வீட்டுக்காரி, "வுட்டுத் தள்ளுங்க, போயிட்டு வந்துருவோம்"பா. எம் மவளும் அதே பாட்டு. எல்லாருமே அவரு பக்கம். மெதுவாப் பேசுதவன நல்லவன்னு நம்புத ஊரு சார் இது.

சரி, சாட்சி வேணும்லா? கல்யாண வீடியோ இருக்கே. அதுல சத்தம் பதிவாயிருக்கும். நான் வச்ச அளவு சரிதான்னு ஒலகமே கேக்கட்டும்னு நெனச்சேன்.

வீடியோக்காரனுக்கு சத்தத்துக்கு லைன் குடுத்தது நாந்தான். மாஸ்டருக்கு முன்னாலயே எடுத்துக் குடுத்தேன். அப்பதான் எவன் மாஸ்டர ஏத்துனாலும் எறக்குனாலும் அவனுக்குப் போற சத்தம் கொறையாது. தொழில்காரன் மூள, பாத்துக்கிடுங்க. அவன் ரெண்டு சேனல் போதும்னான். நான் விடல. "ஆறு வேணும்டே. தியேட்டர்ல வாற மாதிரி, பேச்சு நடுவுல வரணும், மேளம் ரெண்டு பக்கமும் வரணும், கூட்டத்துச் சத்தம் பின்னால வரணும்"னு நின்னு வாங்குனேன். அவனும் ஏசி-3ன்னு ஏதோ ஒண்ணுல போட்டு, பென் டிரைவக் குடுத்துட்டு துபாய்க்கு வேலைக்குப் போயிட்டான்.

போன்ல போட்டேன். படம் ஓடுது. நான் பேசுதேன், வாய் அசையுது. சத்தம் இல்ல. டிவில போட்டேன். அதுவும் அப்பிடித்தான். வாத்தியார் பிள்ள மக்கு, வைத்தியர் பிள்ள சீக்கும்பாங்க. மைக்செட்டுக்காரன் மவ கல்யாண வீடியோவுல சத்தமே இல்ல!

என் போன்ல இருந்தது சிட்டு பிளேயர்னு ஒரு ஆப்பு. சின்ன ஆப்பு, வெளம்பரம் கெடையாது, பழைய போன்லயும் ஓடும். அதுக்கு ஒரு ஸ்டார் குடுத்தேன். 'மேளம் அடிக்கான், சத்தம் இல்லை. நான் பேசுகிறேன், சத்தம் இல்லை. ஆப்பு எதற்கு?'ன்னு எழுதுனேன். மறுநாளே பதில் வந்துச்சு: 'ஐயா, ஏசி-3 ஒலியை எங்கள் பிளேயர் இன்னும் பாடாது. சேர்க்க முயல்கிறோம். அதுவரை வேறு பிளேயர் பயன்படுத்திப் பாருங்கள்.'

வேற பிளேயரா? நீங்களே சொல்லுங்க. ஒரு கடையில வாங்குன செருப்பு பிஞ்சா அந்தக் கடையிலதான் கேக்கணும். பக்கத்துக் கடையில போயி புதுச் செருப்பு வாங்குனா அப்புறம் நியாயம்னு ஒண்ணு எங்க இருக்கு? தெனம் காலையில காப்பி குடிச்சதும் அந்த ஒரு ஸ்டார்ல போயி ரெண்டு வரி சேத்து எழுதிருவேன். அவங்களும் தெனம் 'முயல்கிறோம் ஐயா'ம்பாங்க. ஆவணியில ஆரம்பிச்சது மார்கழி வரைக்கும் போச்சு.

அந்த மார்கழியிலதான் எம் மவ முழுகாம இருக்கது அஞ்சாம் மாசம். வளைகாப்பு மாசி இருவத்தி மூணுன்னு நாள் குறிச்சாச்சு. கடையநல்லூர்ல வச்சு, வளையல் போட்டு, பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். முத்துச்செல்வி போன் பண்ணா.

"அப்பா, நீங்க இங்க வந்து கூப்பிட்டாத்தான் வருவேன். அம்மாவ மட்டும் அனுப்புனிய, நான் வண்டியில ஏற மாட்டேன். பிள்ளைய இங்கனயே பெத்துக்கிடுதேன்."

அவ அப்பிடியே என் ரத்தம். சொன்னா சொன்னதுதான். எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல, சார். போனா என் சொல்லு போச்சு. போவலன்னா எம் மவளோட தலப்பிரசவம் என் வீட்டுல இல்ல. அப்பதான் முடிவு பண்ணேன்: போவேன், சாட்சியோட போவேன். எல்லாரு முன்னாலயும் அந்த வீடியோவப் போட்டு, "இந்தாங்க, இதுவா அதிகச் சத்தம்?"னு கேட்டு, அவரு வாயால தப்புன்னு சொல்ல வச்சிட்டு மவளக் கூட்டிட்டு வருவேன்.

ஆப்பு எறக்குத எடத்துலயே அதச் செஞ்சவங்க விலாசம் போட்டிருக்கும், தெரியுமா? எனக்குத் தெரியாமப் போச்சு இத்தன நாளும். பாத்தா, பாளையங்கோட்டை! நான் என்னமோ அமெரிக்கான்னு நெனச்சு மரியாதையா எழுதிட்டு இருந்தேன். மறுநாளே பென் டிரைவு, மல்டிமீட்டரு, வயருக்கு ஈயம் பத்து வைக்க சூட்டுக்கோலு, ஒரு சீப்பு பழம் எல்லாத்தையும் மஞ்சப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

மாடி வீடு. கதவத் தொறந்தது ஒரு பொம்பளப் பிள்ள. ஜெபசீலின்னு பேரு, முப்பது வயசு இருக்கும். அவதான் கம்பெனி. மொதலாளி, தொழிலாளி, வாட்ச்மேன் எல்லாம் அவதான். நான் பேரச் சொன்னதும் கதவப் பாதி சாத்திட்டா.

"அண்ணாச்சி, நீங்கதானா அந்த ஒத்த ஸ்டாரு?"

"நாந்தாம்மா."

"நேர்ல திட்டவா வந்தியோ?"

"சேச்சே. ரிப்பேர் பண்ண வந்தேன்."

சூட்டுக்கோலப் பாத்ததும் அந்தப் பிள்ளைக்கு சிரிப்பு தாங்கல. உள்ள கூப்பிட்டு காப்பி குடுத்து வெளக்கமா சொன்னா. சத்தத்த அப்பிடியே வச்சா எடம் அடைக்கும்னு மடிச்சு மடிச்சு சின்னதாக்கி வச்சிருக்காங்களாம். அத விரிச்சுக் குடுக்கதுக்குப் பேருதான் கோடெக். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி மடிக்கான். ஜமுக்காளத்த எப்பிடி மடிச்சிருக்குன்னு தெரியாம இழுத்தா கிழிஞ்சுரும்லா? அதான் பிளேயரு தொடாம விட்டுருது. என் ஜமுக்காளத்த விரிக்கத் தெரிஞ்ச ஒண்ண உள்ள சேக்கணும். சேத்தா ஆப்பு பெருசாவும், ஒவ்வொரு ஜாதிப் போனுக்கும் தனித்தனியாச் செஞ்சு பாக்கணும்.

"எத்தன நாளாவும்?"

"ரெண்டு மூணு மாசம் ஆவும் அண்ணாச்சி."

"எம் மவ வளைகாப்பு மாசி இருவத்தி மூணு."

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி?"

சொன்னேன். ஒங்ககிட்ட சொன்ன மாதிரியே ஒண்ணு விடாமச் சொன்னேன். அந்தப் பிள்ள கன்னத்துல கைய வச்சுக் கேட்டுச்சு. கடைசில பென் டிரைவ வாங்கிக்கிட்டு, "எம் மாமனாரும் எங்கப்பாவும் இப்பிடித்தான், ஒரு பழைய சைக்கிளுக்காவ நாலு வருசம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

தை கடைசியில போன் வந்துச்சு. அன்னைக்கே ஓடுனேன். போட்டுக் காமிச்சா. சார், நாதஸ்வரம் வருது! தவில் வருது! எனக்கு கண்ணு கலங்கல, நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல, ஆனா சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா, நான் மேடையில ஏறிப் பேசுதேன், அங்க சத்தம் இல்ல. கூட்டம் கைதட்டுதது கேக்குது, என் பேச்சக் காணும். அந்தப் பிள்ள முழிக்கி. "எல்லாம் சரியாத்தான சேத்திருக்கேன்"னு கம்ப்யூட்டரத் தட்டுது. நான் கண்ண மூடிக் கேட்டேன். மேளம் ரெண்டு பக்கமும் இருக்கு, கூட்டம் பின்னால இருக்கு. நடுவுல ஒண்ணுமில்ல.

"தாயி, நடு ஸ்பீக்கர் பொட்டி லைனு கோக்காம விட்டுருக்க"ன்னேன்.

தேடிப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டா. ஆறு சேனல ரெண்டாக் கலக்கும்போது நடுவுல உள்ளத சேக்க விட்டுப் போச்சாம். ஆக, அந்தக் கோடெக்குல பாதி நான் செஞ்சது, பாத்துக்கிடுங்க. அவ பெருந்தன்மையா ஒத்துக்கிட்டா. ஒரு வாரத்துல சரிபண்ணி போன்ல ஏத்திக் குடுத்தா. என் வரவேற்புரை மணி மாதிரி வந்துச்சு. மொத பத்து நிமிசம் கேட்டேன். "போதும் தாயி, மிச்சத்த சபையில கேட்டுக்கிடுதேன்"னு கெளம்பிட்டேன்.

வளைகாப்புக்கு மொத நா அவளே கூப்பிட்டா. "அண்ணாச்சி, அத முழுசாத் தனியா ஒரு தடவ கேட்டுருங்களேன். இருவத்தாறாவது நிமிசத்துல இருந்தாவது கேளுங்க."

"சத்தத்த சோதிக்க எனக்குச் சொல்லித் தாறியாக்கும்?"னு சிரிச்சிட்டு வச்சிட்டேன்.

மாசி இருவத்தி மூணு. காலையிலயே வண்டியில நாலு பொட்டி, ஆம்ப்ளிபயரு, எல்லாம் ஏத்தியாச்சு. எங்க வீட்டுக்காரிட்ட பாட்டுப் போடன்னு சொல்லிட்டேன். ஒண்ணர வருசம் கழிச்சு அந்த வாசப்படிய மிதிச்சேன். சம்மந்தாரு வெளிய வந்து, "வாங்க அண்ணாச்சி"ன்னாரு, அதே ரகசியக் கொரல்ல. நான் வயர இழுத்துட்டே உள்ள போயிட்டேன். அவரு வீட்டு டிவியத் தூக்கி முத்தத்துப் பந்தல்ல வச்சு, அதுல போனக் கோத்து, சத்தத்த என் ஆம்ப்ளிபயருக்குக் குடுத்தேன். அவரு கிட்ட வந்து ஏதோ உதவ கைய நீட்டுனாரு. "ஆம்ப்ளிபயர்ல மட்டும் கை வைக்காதிய"ன்னேன். கைய எடுத்துக்கிட்டாரு.

மவ மனையில உக்காந்திருக்கா, கை நெறைய வளையலு. எழுவது எம்பது பேரு. மைக்கப் புடிச்சேன். "அன்னைக்கு மண்டபத்துல சத்தம் அதிகமா இருந்துச்சுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. இப்ப எல்லாரும் கேளுங்க"ன்னேன். அவரு கை வச்ச எடம் அதுக்குப் பக்கத்துலதான் வரும்னு நேரா இருவத்தஞ்சாவது நிமிசத்துல போட்டேன். சண்முகத்தாய் எந்திரிச்சு, "என்னங்க, வேண்டாம்"னா. மவ, "அப்பா!"ன்னா. நான் குமிழ முக்கால்ல வச்சேன்.

மேடை தெரியுது. மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்காங்க. நான் பேசி முடிச்சு எறங்கிப் போறேன். சம்மந்தாரு மேடைக்குக் கீழ ஆம்ப்ளிபயர் பக்கத்துல நிக்காரு. மண்டபத்துல பாட்டு இல்ல. பொட்டியில ஏதோ சட்டி உருளுத சத்தம். பெறவு ஒரு ஆளு பேசுதான்.

"ஏட்டி, அந்த லைப்ரரிக்காரரு இதுவரைக்கும் ஒரு தடவயாவது சிரிச்சாராட்டி? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு முறுக்க ரெண்டா ஒடிச்சுப் பாதியத் தட்டுல வச்சாரே, எனக்கு பக்குனு ஆயிருச்சு, சீட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் மீதியத் திம்பாரோன்னு."

எவன்டா இதுன்னு யோசிச்சேன். சண்முகத்தாய் தலையில கைய வச்சிட்டா. சார், என் கொரலு. மைக்க அணைச்சுத்தான் பாக்கெட்ல வச்சேன், இப்பவும் சொல்லுதேன், அந்தச் சுவிச்சு கொஞ்சம் லூசு. டிவில மண்டபமே சிரிக்கி. சம்மந்தாரும் சிரிக்காரு. நல்லாவே சிரிக்காரு, பல்லு தெரிய.

"அவரு நடந்து வந்தா பீரோ நடந்து வாற மாதிரி இல்ல?" இதுவும் நாந்தான். மண்டபம் சிரிக்கி, சம்மந்தாரு கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்காரு. ஆம்ப்ளிபயரு கைக்கெட்டுத தூரத்துலதான் இருக்கு. தொடல. அம்புட்டுப் பேரு முன்னால தன்ன ஏசுதது நாலு பொட்டியில கேக்குது, மனுசன் தொடவே இல்ல.

பெறவு ஒரு சத்தம் வந்துச்சு. அது அழுகை இல்ல, சார். அந்த ரூமுல வெங்காயம் உரிச்சுக் குமிச்சிருந்துச்சு, யாரு போனாலும் அப்பிடித்தான் வரும்.

"ஏட்டி... நாளைக்கு அவ போயிருவாளேட்டி. சின்னதுல இருந்து நான் மைக்கு சோதிக்கயில மைதானத்துக் கடைசில போயி நின்னு கேக்குதுப்பா, கேக்குதுப்பான்னு கையக் காட்டுவா. இனிம எனக்கு யாருட்டி தூரத்துல நின்னு சொல்லுவா?"

டிவில சம்மந்தாரு சிரிப்பு அப்பிடியே நின்னு போச்சு. ஒரே எட்டுல வந்து மாஸ்டர எறக்கிட்டாரு. மண்டபத்துக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேட்டிருக்காது. ஆனா லைனு நான் குடுத்த லைனாச்சே. மாஸ்டருக்கு முன்னால எடுத்த லைனு. நிக்கல. அன்னைக்கு மண்டபத்துக்குக் கேக்காம அவரு மறைச்சதெல்லாம் இன்னைக்கு அவரு வீட்டு முத்தத்துல என் பொட்டியில வருது, முக்கால் சத்தத்துல. தெருவுல போறவன் நின்னு பாக்கான். ஒரு மனுசன் வெங்காயத்துக்கு இம்புட்டு நேரமா... சரி, விடுங்க.

மண்டபத்துல இருந்த ஒவ்வொருத்தர்கிட்டயும், "அண்ணாச்சி காதுக்குப் போவக் கூடாது"ன்னு அவரு சொல்லி வச்சிருக்காரு, சார். எம் மவகிட்டயும், எங்க வீட்டுக்காரிகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு. ஒண்ணர வருசமா நான் ஊரு பூரா அவர ஏசிட்டுத் திரிஞ்சேன். வாங்கிக் கட்டிக்கிட்டாரு. இதெல்லாம் பெறவு முத்துச்செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன கோவக்காரனா?

ஆனா அந்த நேரத்துல எனக்கு இது ஒண்ணும் ஓடல. அத நிப்பாட்டணும். ஆம்ப்ளிபயரு நாலு எட்டுல இருக்கு. காலு நவுர மாட்டேங்கு. மனையில எம் மவ என்னைய பாக்கா, கண்ணுல இருந்து கரகரன்னு ஊத்துது, வளையல் போட்ட கையால தொடைக்கக் கூடத் தோணாம உக்காந்திருக்கா. பொட்டியில நான் அழு... நான் பேசுதேன், பேசிக்கிட்டே இருக்கேன்.

சம்மந்தாரு எந்திரிச்சு வந்தாரு. ஆம்ப்ளிபயர் பக்கத்துல வந்து நின்னாரு. கையப் பின்னால கட்டிக்கிட்டு, அந்த ரகசியக் கொரல்ல என்னப் பாத்துக் கேக்காரு:

"கை வைக்கலாமா, அண்ணாச்சி?"

தலைய ஆட்டுனேன். பட்டுனு அணைப்பாருன்னு நெனச்சேன். அணைக்கல, சார். தொழில் தெரிஞ்சவன் எறக்குத மாதிரி, பைய... பைய எறக்குனாரு.